தங்கவயல் ரயிலில் ஒரு தரப்பட்டியல்

மாரிக்குப்பத்தில் அதிகாலையில் கிளம்பும் ரயில் பெங்களூருக்குள் நுழையும்போது பெட்டிகளில் கால் வைக்க இடமிருப்பதில்லை. 2001 பிப்ரவரி 28-ம் தேதி கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஊர் சம்பாதிப்பது பெங்களூரில், தூங்குவது தங்கவயலில். போக 100 கிலோமீட்டர், வர 100 கிலோமீட்டர். இவ்வளவு நேரம் உட்கார்ந்தோ நின்றோ வருகிறவர்களுக்கு உலகத்தின் எல்லா வழக்குகளையும் தீர்த்து வைக்க அவகாசம் உண்டு. தீராத வழக்கு ஒன்றும் உண்டு: கர்நாடக கிரிக்கெட் அணியின் வரலாற்றில் தலைசிறந்த ஆட்டக்காரர் யார்?

கேள்வி எளிது போலத்தான் தெரியும். பதிலும் பல பேருக்கு நாக்கு நுனியில் இருக்கும். ராகுல் டிராவிட் 164 டெஸ்ட் ஆடி 13,288 ரன் எடுத்தவர். அனில் கும்ப்ளே 132 டெஸ்டில் 619 விக்கெட் வீழ்த்தியவர். 1999 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானின் ஒரு இன்னிங்ஸை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு 74 ரன்னுக்குப் பத்து விக்கெட் எடுத்தவர். முதலிடமும் இரண்டாமிடமும் முடிந்தது. மூன்றாவதாக குண்டப்பா விஸ்வநாத்தைப் போட்டுவிட்டால் பெங்களூர் கண்டோன்மென்ட் வருவதற்குள் சீட்டுக்கட்டை எடுக்கலாம்.

ஆனால் கேள்வி அதுவல்ல. கர்நாடகத்தில் பிறந்து வளர்ந்து இந்தியாவுக்கு ஆடியவர்களில் சிறந்தவர் யார் என்பது ஒரு கேள்வி. கர்நாடக அணிக்கு யார் அதிகம் செய்தார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம் பத்திரிகைகள் ஒவ்வொரு பத்தாண்டு முடிவிலும் பட்டியல் போடுகின்றன.

இந்தக் குழப்பம் அமெரிக்காவில் கிடையாது. அங்கே பேஸ்பால் ரசிகர்களுக்குப் பட்டியல் போடுவதே இரண்டாவது ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் மகத்தான ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் பேப் ரூத் என்று சொல்லிவிட்டு, அவர் மொத்தம் அடித்த 714 ஹோம் ரன்களில் அந்த அணிக்காக அடித்தவை 659 என்று பிரித்தும் காட்டிவிடுவார்கள். சிகாகோ கப்ஸ் அணியின் எர்னி பேங்க்ஸ் 19 ஆண்டுகள் ஒரே அணிக்கு ஆடினார். இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் ஒருமுறைகூட ஆடக் கொடுத்து வைக்கவில்லை. ஆனாலும் கப்ஸ் ரசிகர்களின் பட்டியலில் அவரை அசைக்க முடியாது. சுமாரான ஒரு மாற்று ஆட்டக்காரரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அணி எத்தனை ஆட்டங்களை இழந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணாலேயே ஆளை எடைபோடும் முறையும் அங்கே இருக்கிறது. அவர்களுக்கு இது சுலபம். அங்கே ஆட்டக்காரனின் முழு உழைப்பும் கிளப்புக்கு. நம் ரஞ்சி அணிகளின் கதை வேறு. எவன் நன்றாக ஆடுகிறானோ அவனை இந்தியா எடுத்துக்கொண்டு போய்விடும். சிறந்தவன் ஆவதற்கான பரிசே அணியை விட்டுப் போவதுதான்.

தங்கவயல்காரர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கியதிலிருந்து சுமார் 120 ஆண்டுகளில் அந்த மண் கொடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன் என்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. கிடைத்ததெல்லாம் ரயிலேறிப் போயிற்று. ஊரில் நின்றது சயனைடு மேடு: தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக. சுரங்கத்துக்காரர்கள் மொத்த எடையைப் பார்த்து மலைப்பதில்லை. ஒரு டன் தாதுவில் எத்தனை கிராம் தேறியது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. கர்நாடக அணியையும் அந்தக் கணக்கில் பார்த்தால் என்ன? ஒருவரின் கிரிக்கெட் வாழ்க்கை எவ்வளவு பெரியது என்பது இருக்கட்டும். அதிலே அணிக்குத் தேறியது எத்தனை கிராம்?

தங்கவயலில் உட்கார்ந்து இந்தக் கணக்குப் போடுவதில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. ஊர் கர்நாடகத்தில், வீதியில் கேட்பது தமிழ். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இது. கர்நாடக சட்டசபைக்கு அ.தி.மு.க. உறுப்பினரை அனுப்பிய தொகுதி. சுரங்க முதலாளிகள் ஆங்கிலேயர்கள், மேஸ்திரிகளில் பலர் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள். அந்தக் கார்ன்வால்காரர்கள் போன இடமெல்லாம் மண்வெட்டியோடு பந்தையும் கொண்டுபோனவர்கள். மெக்ஸிகோவின் பச்சூகா சுரங்கத்தில் கால்பந்தை விதைத்ததும் அவர்கள்தான். 'சின்ன இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய தங்கவயலிலும் கிளப், கோல்ஃப் மைதானம் என்று வாழ்ந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போய்விட்டார்கள். தமிழர்கள் இருக்கிறார்கள். கர்நாடகமும் தமிழ்நாடும் ரஞ்சியில் மோதும்போது இந்த ஊர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு அது வேடிக்கை.

அணியின் சரித்திரம் தொடங்குவதே அந்த மோதலில்தான். 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் அன்றைய மைசூர். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடி இறங்கி 59-ல் ஆட்டமிழந்தது. எல்லாம் ஒரே நாளில்! ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட். இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 107 ரன் எடுத்த அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரைத் தேடும் வேலை அங்கே ஆரம்பிக்க முடியாது. 1941-42-ல் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள், பம்பாயிடம் தோற்றார்கள். 1959-60-ல் மறுபடி இறுதி. மறுபடி பம்பாய், மறுபடி தோல்வி.

பம்பாய் என்றால் அன்று சும்மா இல்லை. 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து ஆண்டுகள் கோப்பை வேறு ஊருக்கே போகவில்லை. பையன் பிறந்து பள்ளியிறுதி எழுதுகிற காலம். மற்ற மாநிலங்கள் ஒப்புக்குத்தான் ஆடின.

1973 நவம்பர் 1-ம் தேதி மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது. அணிக்கும் புதுப் பெயர். அந்த முதல் சீசனிலேயே, 1974-ல், பெங்களூரில் அரையிறுதியில் பம்பாயைச் சந்தித்தார்கள். தரப்பட்டியலின் முதல் மூன்று இடங்கள் அந்த ஒரு ஆட்டத்திலேயே நிச்சயமாகிவிட்டன என்றால் மிகையில்லை.

கர்நாடகம் முதலில் ஆடி 385. விஸ்வநாத் 162, பிரிஜேஷ் படேல் 106. பம்பாயின் முதல் இன்னிங்ஸ் நிற்குமா விழுமா என்று அரங்கமே நகம் கடித்துக்கொண்டிருந்தபோது கவாஸ்கரைக் கிளீன் போல்டாக்கினார் எரப்பள்ளி பிரசன்னா. நன்றாக ஆடிக்கொண்டிருந்த கேப்டன் வாடேகர், ஓடும்போது கால் வழுக்கி ரன் அவுட்டானார். பம்பாய் 307. முதல் இன்னிங்ஸில் 78 ரன் முன்னிலை. ரஞ்சி விதிப்படி அது போதும். பதினைந்தாண்டு ராஜ்யம் முடிந்தது. ஜெய்ப்பூரில் ராஜஸ்தானை வென்று கோப்பையை எடுத்துவந்தது அதன் பிறகான சடங்கு.

முதலிடம் பிரசன்னாவுக்கு. காரணம் அந்தப் பந்து மட்டுமல்ல. கேப்டன் அவர்தான், 1977-78-ல் இரண்டாவது கோப்பை வந்தபோதும் அவரே கேப்டன். அவர் கிரிக்கெட்டுக்குத் திரும்பி வந்ததே ஒரு கதை. இரண்டு டெஸ்ட் ஆடிவிட்டு, தகப்பனார் இறந்ததால், எஞ்ஜினியரிங் படிப்பை முடிக்கப் போனவர், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் டெஸ்ட் பக்கமே வரவில்லை. இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு வயது வரை, ஓர் ஆட்டக்காரன் வளர வேண்டிய காலம். மற்றவன் என்றால் காணாமல் போயிருப்பான். அவர் திரும்பி வந்தார்; மொத்தம் 49 டெஸ்டில் 189 விக்கெட் எடுத்தார். அதெல்லாம் இந்தியாவின் கணக்கு. கர்நாடகத்தின் கணக்கில் அவர் செய்தது வேறு: பம்பாயைக் கண்டால் தோற்பதற்கே பிறந்தவர்கள் போல நின்ற ஓர் அணியை, பம்பாயின் மட்டையாளர்களுக்காகப் பொறி வைத்துக் காத்திருக்கப் பழக்கினார். சுழற்பந்தில் ஆசை காட்டி ஆளை வெளியே இழுப்பது அவருடைய கலை. அந்தக் கலையைப் பதினோரு பேருக்கும் பொதுவாக்கிவிட்டார்.

இரண்டாமிடம் விஸ்வநாத். பத்ராவதி இரும்பு ஆலை ஊரில் பிறந்தவர். 1967-ல் மைசூருக்காக ரஞ்சியில் முதன்முதலாக இறங்கியபோதே விஜயவாடாவில் ஆந்திராவுக்கு எதிராக 230. இரண்டு ஆண்டு கழித்து கான்பூரில் முதல் டெஸ்டில், முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், இரண்டாவதில் 137. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்தை எதிர்த்து அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ரன்னில் போய் நிற்பார்கள். சேப்பாக்கம் மறக்காத இன்னிங்ஸ்தான். ஆனால் இந்தப் பட்டியலுக்கு அது செல்லாது. செல்லுபடியாவது பம்பாய்க்கு எதிரான 162, பிறகு 1977-78 இறுதியில் மோகன் நகரில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக 247. இரண்டு கோப்பை, இரண்டிலும் முட்டுக்கொடுத்த பெரிய இன்னிங்ஸ். அணிக்கு வேண்டிய நாளில் ரன் எடுக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. எல்லாப் பெரிய மட்டையாளர்களுக்கும் அது இருப்பதில்லை.

மூன்றாவது பி.எஸ். சந்திரசேகர். சிறுவயதில் போலியோ தாக்கிய வலக்கையால் பந்து வீசியவர்; எடுத்த டெஸ்ட் விக்கெட் 242, எடுத்த டெஸ்ட் ரன் 167. 1971-ல் ஓவலில் 38 ரன்னுக்கு ஆறு விக்கெட் வீழ்த்தி இங்கிலாந்தை இங்கிலாந்திலேயே தோற்கடித்த கதை பாடப்புத்தகம் வரை போயாயிற்று. ரஞ்சியில் அவருடைய விக்கெட் 437. பிரசன்னா ஒரு முனை, சந்திரா ஒரு முனை என்றால் எதிரணிக்கு ஓய்வே கிடையாது. சந்திராவின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரே நிற்பவனுக்குத் தெரியாது. சில நாட்களில் சந்திராவுக்கே தெரியாது என்பார்கள்.

இங்கே ஒரு பெயரை இடையில் சொல்லியாக வேண்டும். அந்த இருவருக்கும் நடுவில் இடக்கையால் சுழற்பந்து வீசிய பி. விஜயகிருஷ்ணா. பின்வரிசையில் இறங்கி நாலு அடி அடிக்கவும் தெரியும். இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பிஷன் சிங் பேடி இருந்த காலத்தில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகப் பிறந்தது அவர் செய்த குற்றம். 2021 ஜூனில் காலமானபோது பெங்களூருக்கு வெளியே பல செய்தித்தாள்கள் நாலு வரியோடு நிறுத்திக்கொண்டன. சயனைடு மேட்டு மண்ணில் இன்னும் தங்கம் தங்கியிருக்கிறது என்று சொல்வார்கள். கிரிக்கெட் சரித்திரத்துக்கும் அப்படிப்பட்ட மேடுகள் உண்டு.

நான்காமிடம் பிரிஜேஷ் படேல். இந்தியாவுக்கு 21 டெஸ்டோடு நின்றுவிட்டதால் வேகப்பந்துக்கு ஆகாதவர் என்று முத்திரை விழுந்தது. ரஞ்சியிலோ 7,126 ரன்கள். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள், ஷிமோகாவிலும் கோயம்புத்தூரிலும் யார் பார்க்கிறார்கள் என்ற கவலையில்லாமல் குவித்தவை. கவர் திசையில் அவர் நின்றால் அந்தப் பக்கம் ரன் இல்லை. இவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பட்டியலே.

இனி சண்டை வரும் இடம். ஐந்தாமிடம் ஆர். வினய் குமாருக்கு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர் இந்தியாவுக்கு ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 2012 ஜனவரியில் பெர்த்தில். டேவிட் வார்னர் கண்மண் தெரியாமல் விளாசிய இன்னிங்ஸ் அது. வினய்க்குக் கிடைத்தது 73 ரன்னுக்கு ஒரு விக்கெட். அதன் பிறகு 'தேசிய அளவுக்கு வேகம் போதாது' என்ற வாக்கியத்தில் அவரை மூட்டை கட்டிவிட்டார்கள். தாவணகெரேயில் ஆட்டோ ஓட்டுநரின் மகனாக வளர்ந்தவர், மூட்டையைப் பிரித்துக்கொண்டு கர்நாடகத்துக்கே வந்தார். அவர் கேப்டனாக இருந்தபோது 2013-14-லும் 2014-15-லும் ரஞ்சி, இரானி, விஜய் ஹசாரே மூன்று கோப்பைகளும் இரண்டு ஆண்டு தொடர்ந்து பெங்களூருக்கு வந்தன. பிரசன்னா காலத்திலும் நடக்காத காரியம்.

2015 மார்ச், வாங்கடே ஸ்டேடியம். இறுதியாட்டம், எதிரே தமிழ்நாடு. 1934-ல் எந்த அணி ஒரே நாளில் மைசூரை மடித்துப் போட்டதோ அதே அணியின் வாரிசுகள். முதல் நாளில் தமிழ்நாடு 134-க்கு ஆல் அவுட். வினய் 34 ரன்னுக்கு ஐந்து விக்கெட். பதிலுக்குக் கர்நாடகமும் தடுமாறி 84 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டை இழந்தது. அங்கிருந்து கே.எல். ராகுலும் கருண் நாயரும் சேர்ந்து 386 ரன் கட்டினார்கள். ராகுல் 188. கருண் 328, ரஞ்சி இறுதியாட்டங்களில் எவரும் எடுத்த அதிகபட்சம். (அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் 303 எடுத்ததும் சேப்பாக்கத்தில். தமிழ்நாட்டோடு அவருக்கு ஏதோ பழைய பாக்கி.) கடைசியில் இறங்கிய கேப்டன் வினய் சும்மா இருக்கவில்லை; ஆட்டமிழக்காமல் 105. மொத்தம் 762. தமிழ்நாடு இன்னிங்ஸும் 217 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றது. ஒரே இறுதியாட்டத்தில் ஐந்து விக்கெட், சதம், கோப்பை மூன்றையும் கையில் வைத்திருந்தவரை 'ஒரு டெஸ்ட் ஆட்டக்காரர்' என்று எழுதிவைப்பது எப்படி நியாயம்?

ஆறாவது சுனில் ஜோஷி. வட கர்நாடகத்தில் கதக்கிலிருந்து பயிற்சிக்காக விடியற்காலை ரயிலேறி ஹூப்ளிக்குப் போய்வந்த பையன். மாரிக்குப்பம் ரயில்காரர்களுக்கு இவரைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1999-ல் நைரோபியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகப் பத்து ஓவர் போட்டு ஆறே ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்ததை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. கர்நாடகம் நினைவில் வைக்க வேண்டியது 1995-96 சீசன்: ஒரே ரஞ்சி சீசனில் 500 ரன்னுக்கு மேல், 50 விக்கெட்டுக்கு மேல். ரஞ்சியில் மொத்தம் 479 விக்கெட். சந்திராவையும் தாண்டிய எண்ணிக்கை. சந்திராவுக்குக் கீழே ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால், சந்திராவின் காலத்தில் ரஞ்சியில் இவ்வளவு ஆட்டம் இல்லை என்பது ஒரு பதில். டன்னுக்கு எத்தனை கிராம் என்பது இன்னொன்று.

அந்த 1995-96 சீசனின் இறுதியாட்டம் நடந்ததும் சேப்பாக்கத்தில்தான், எதிரே தமிழ்நாடுதான். அதற்கு நாலு வருஷம் முன்புதான், 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கர்நாடகத் தமிழன் என்றால் எந்தப் பக்கம் என்ற கேள்வி வேடிக்கையாக இல்லாத காலம். சேப்பாக்கத்தில் டிராவிட் சதம் அடித்தார். கர்நாடகம் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பையை வென்றது. பதின்மூன்று ஆண்டு வறட்சிக்குப் பிறகு கிடைத்த வெற்றி. அடுத்த மூன்று சீசனில் இன்னும் இரண்டு கோப்பை.

அந்த வெற்றிகளை யார் கொண்டுவந்தது என்று பார்த்தால்தான் கும்ப்ளே, டிராவிட் விவகாரம் விளங்கும். 1990-களின் பிற்பாதியில் கும்ப்ளே, ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், டிராவிட் நால்வரும் பெரும்பாலும் இந்தியச் சீருடையில் வெளியூரில் இருந்தார்கள். இந்திய அணியில் கர்நாடகம் கொடிகட்டிப் பறந்த காலம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். வீட்டில் விளக்கெரிய வைத்தவர்கள் ஜோஷி, விஜய் பரத்வாஜ், தொட்ட கணேஷ், ஜே. அருண்குமார் போன்றவர்கள். 1998-99 இறுதியில் கடைசி நாளில் மத்தியப் பிரதேசத்தைச் சுருட்டியது பரத்வாஜின் பகுதிநேர ஆஃப் ஸ்பின். கண்ணாடி போட்ட அந்த மனிதரை இன்று எத்தனை பேர் அடையாளம் சொல்வார்கள்?

ஆகவே கும்ப்ளேவுக்கு எட்டாமிடம், டிராவிடுக்கு ஒன்பதாமிடம். இதற்காக மல்லேஸ்வரத்தில் கொடும்பாவி எரித்தாலும் ஆச்சரியமில்லை. இருவரையும் குறைத்து மதிப்பிடும் நோக்கம் இல்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மாநிலத்துக்கு வந்து ஆடியவர்கள்தான். சேப்பாக்கத்தில் அந்தச் சதம் இல்லாவிட்டால் டிராவிட் பட்டியலுக்கு வெளியே போயிருப்பார் என்றும் சொல்லலாம். கும்ப்ளேவுக்கு ஒருபடி மேலே வைக்க இன்னொரு நியாயமும் உண்டு: ஆட்டத்தை விட்ட பிறகு 2010-ல் மாநில கிரிக்கெட் சங்கத் தலைவராக நின்று ஜெயித்தார், செயலாளர் ஸ்ரீநாத். ஓய்வுபெற்ற நட்சத்திரங்கள் வர்ணனை அறையில் குளிர்காயும் காலத்தில் நிர்வாக மேஜையில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஏழாவதாக நடுவில் விட்டுப்போனவர் ரோஜர் பின்னி. 1983 உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர் என்பது ஊரறிந்தது. 1977-78-ல் சிக்மகளூரில் கேரளாவுக்கு எதிராக சஞ்சய் தேசாயோடு சேர்ந்து ஆட்டமிழக்காமல் 451 ரன் தொடக்க ஜோடி சேர்த்தார் என்பது அவ்வளவாகத் தெரியாதது. பின்னி 211, தேசாய் 218. ஆட்டத்தைத் தொடங்கவும் செய்வார், பந்துவீச்சைத் தொடங்கவும் செய்வார். ஓர் அணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்ரீநாத் எங்கே என்று மைசூர்க்காரர்கள் கேட்பார்கள். முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே ஹைதராபாத்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தவர். இந்தியா கண்ட வேகப்பந்து வீச்சாளர்களில் முன்வரிசைக்காரர். பதினோரு பேர் மட்டும் என்று வரம்பு கட்டிக்கொண்டதால் அவர் இல்லை. அந்த இடம் விஜயகிருஷ்ணாவுக்குப் போயிற்று. அநியாயம் என்று தோன்றினால் தோன்றட்டும்; விஜயகிருஷ்ணாவுக்கு நடந்ததை ஒப்பிட்டால் சிறிய அநியாயம்.

பத்தாமிடம் மிச்சம். அது சையத் கிர்மானிக்கு. 88 டெஸ்டில் ஸ்டம்ப்புக்குப் பின்னால் 198 பேரை வெளியேற்றியவர். 1983-ல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில் தேவ் 175 அடித்தபோது மறுமுனையில் 24 ரன்னோடு நின்று காத்தவர். கர்நாடகத்துக்கு அவர் செய்தது இன்னும் கஷ்டமான வேலை: சந்திராவின் பந்தைப் பிடித்தார். பேட்ஸ்மேனுக்குப் புரியாத பந்து விக்கெட் கீப்பருக்கு மட்டும் புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனிதாபிமானமற்றது. அவர் அதைப் பல ஆண்டுகள் செய்தார்.

கிர்மானி பிறந்தது 1949 டிசம்பரில், சென்னையில். பிரிஜேஷ் படேல் பிறந்தது பரோடாவில். டிராவிட் இந்தூரில். 328 ரன் கருண் நாயர் ஜோத்பூரில். கர்நாடக அணியின் சரித்திரத்தைச் சுமந்தவர்களில் பாதிப்பேர் எங்கோ பிறந்து இங்கே வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை.

தங்கவயலுக்கு 1902-ல் மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அப்போது மின்விளக்கு இல்லை; அங்கே வந்தது 1905-ல். சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து வந்த கூலிகள் காவிரியின் வெளிச்சத்தில் மைசூர் மகாராஜாவின் மண்ணில் இங்கிலாந்து கம்பெனிக்காகத் தங்கம் வெட்டினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சாயங்கால ரயிலில் திரும்பும்போது, சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆட்டம் நடந்த நாளாக இருந்தால், வினய் குமாரை டிராவிடுக்கு மேலே வைக்கலாமா கூடாதா என்று தமிழில் சண்டை போட்டுக்கொள்ளலாம். பங்காருப்பேட்டை தாண்டியும் சண்டை முடியாவிட்டால் மறுநாள் காலை ரயில் இருக்கவே இருக்கிறது.